சுகர் இருக்கும்போது சிறுநீர்க் கசிவுக்கு ஆபரேஷன்: ஸ்லிங் போடலாமா, பொறுக்கலாமா?

நடுப்பக்கம்

முதல் தடவை எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 54 வயது, சுகர் வந்து 14 வருஷம். இரண்டு பிரசவம், இரண்டாவதில் ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை எடுத்தார்கள். நாலு வருஷமாகத் தும்மினால், இருமினால், வாளியைத் தூக்கினால் சிறுநீர் சொட்டுகிறது. முதலில் சொட்டுதான், இப்போது பேட் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. போன வருஷத்திலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்குத் திரும்பி வந்து பூட்டில் சாவியைப் போடும்போதே முட்டும், பாத்ரூம் வாசலுக்குப் போவதற்குள் பாதி போய்விடும்.

டாக்டர் பார்த்தார். இருமச் சொன்னார், கசிந்தது. "ஸ்லிங் என்று சிறுநீர்க் குழாய்க்கு அடியில் ஒரு நாடா வைத்துவிடலாம், அரை மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்றார். சுகரைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்டார், கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரி அளவு (HbA1c) என்ன என்று. 8.9 என்றேன். "கொஞ்சம் குறையுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தேதி கொடுத்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. சுகர் உள்ளவர்கள் யாராவது இந்த ஆபரேஷன் செய்துகொண்டிருந்தால் நல்லதோ கெட்டதோ மறைக்காமல் சொல்லுங்கள்.

வேப்பமரம்

நான் செய்துகொண்டேன், ஆறு வருஷம் ஆகிறது. அப்போது எனக்கு 58, சுகருக்கு மாத்திரை மட்டும். இருமல் தும்மல் கசிவு அடுத்த நாளே போய்விட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆபரேஷன் முடிந்து கதீட்டரை, அதாவது சிறுநீரை வடிக்கிற குழாயை, எடுத்ததும் சிறுநீர் வரவே இல்லை. திரும்ப வைத்தார்கள், எடுத்தார்கள், திரும்ப வைத்தார்கள். ஒன்பது நாள் பையோடு நடமாடினேன். "அன்றைக்கே வீட்டுக்கு" என்பது உண்மைதான், வீட்டுக்குப் போனேன், பையோடு போனேன்.

இன்னொன்று, நீங்கள் சாவிக் கதை சொன்னீர்களே, அது எனக்கும் இருந்தது. இன்னும் இருக்கிறது. ஸ்லிங் அதைத் தொடவே இல்லை. அதை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு ஏமாற்றம் இருந்திருக்காது.

கேள்விக்குறி

அக்கா, தயவுசெய்து ஸ்லிங் என்கிற அந்த வலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பிளாஸ்டிக் வலை உடம்புக்குள் அறுத்துக்கொண்டு வெளியே வந்து எத்தனை பெண்கள் அவதிப்பட்டார்கள் என்று தேடிப் பாருங்கள். பிரிட்டனில் 2018ல் நிறுத்தினார்கள், அமெரிக்காவில் 2019ல் தடையே போட்டுவிட்டார்கள். அங்கே தடை செய்ததை நமக்கு ஏன் வைக்கிறார்கள்? அதிலும் சுகர் இருந்தால் புண் ஆறாது.

பழையநர்ஸ்

சிறுநீரக வார்டிலும் பெண்கள் பிரிவிலுமாக 22 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் டாக்டர் இல்லை, பார்த்ததையும் கற்றதையும் சொல்கிறேன்.

நடுப்பக்கம், உங்களுக்கு இருப்பது ஒரு கசிவு இல்லை, இரண்டு. வயிற்றில் அழுத்தம் கூடும்போது கசிவது ஒன்று: சிறுநீர்க் குழாயைத் தாங்குகிற திசு தளர்ந்ததால் வருவது. முட்டிக்கொண்டு வருவது இன்னொன்று: சிறுநீர்ப்பை தன் இஷ்டத்துக்குச் சுருங்குவதால் வருவது. ஸ்லிங் முதலாவதுக்கு மட்டும்தான். குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் ஒரு நாடாவை ஊஞ்சல் மாதிரி போடுகிறார்கள், இருமும்போது குழாய் அதன்மேல் அழுந்தி மூடிக்கொள்ளும். பையின் அவசரத்தை அது ஒன்றும் செய்யாது. சிலருக்கு அவசரமும் குறைகிறது, சிலருக்குப் புதிதாக வரவும் செய்கிறது.

சுகர்க்காரர்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு, யாரும் கேட்காமல் விட்டுவிடுவது அதைத்தான். பல வருஷ சுகர் காலில் மரமரப்பு கொண்டுவருகிறது இல்லையா, அதே மாதிரி சிறுநீர்ப்பையின் நரம்பும் மந்தமாகும். நிறைந்தது தெரியாது. பை பெரிதாகும். பிழிந்து தள்ளுகிற சக்தி குறையும். போய்விட்டு வந்த பிறகும் உள்ளே தேங்கி நிற்கும், நிரம்பி வழிவதும் கசிவாகத்தான் தெரியும். இப்படிப்பட்ட பையின் வாசலில் ஸ்லிங் போட்டால் கசிவு நிற்கும், கூடவே சிறுநீர் போவதும் நிற்கும். வேப்பமரம் அவர்களுக்கு அந்த ஒன்பது நாளும் இதனால்தான் என்று நான் சொல்ல முடியாது, சுகர் இல்லாதவர்களுக்கும் அது நடக்கிறது. ஆனால் அவர்களுக்கு முன்னாலேயே மிச்சம் பார்த்தார்களா என்று கேட்க ஆசை.

மிச்சம் பார்ப்பது என்றால் பெரிய பரிசோதனை இல்லை. நன்றாகச் சிறுநீர் கழித்துவிட்டு வந்ததும் வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்தால் உள்ளே எத்தனை மில்லி நிற்கிறது என்று தெரிந்துவிடும், இரண்டு நிமிஷம். 50க்குள் என்றால் நல்லது. 200க்கு மேல் என்றால் தேதியைத் தள்ளிவைத்துவிட்டுக் காரணம் தேட வேண்டும். நடுவில் இருந்தால் இன்னொரு நாள் திரும்பப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் இன்னொரு கணக்கு. ரத்தத்தில் சுகர் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் விட்டுவிடும், போகிற சுகர் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். மூன்று மாத அளவு 8.9 என்றால் நாளில் பாதி நேரம் நீங்கள் அந்தக் கோட்டுக்கு மேல்தான் இருப்பீர்கள். குழாய் எவ்வளவு தளர்ந்தது என்று பார்ப்பதற்கு முன்னால் தொட்டியில் வருகிற தண்ணீரைக் குறைக்க வேண்டாமா? ஒரு கேள்வி: உங்கள் மாத்திரையில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி கிளிஃப்ளோசின் என்று முடிகிற எதாவது இருக்கிறதா? அவை வேலை செய்வதே சுகரைச் சிறுநீர் வழியாக வெளியேற்றித்தான். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் சிறுநீர் கூடும், பூஞ்சைத் தொற்றும் வரும், அந்த எரிச்சலும் அவசரத்தைக் கூட்டும்.

மூன்று நாள் டைரி எழுதுங்கள். அளவுக் குவளை வாங்கி, ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி, எத்தனை மணி, கசிந்ததா, கசியும்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு குடித்தீர்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பாதி டாக்டர்கள் கேட்காத கேள்விக்கெல்லாம் அதில் பதில் இருக்கும்.

கேள்விக்குறி, உங்கள் பயம் நியாயமானது, தகவல் பாதிதான் சரி. அமெரிக்காவில் 2019ல் விற்பனையை நிறுத்தச் சொன்னது கருப்பை, சிறுநீர்ப்பை இறக்கத்துக்காக யோனி வழியாக வைக்கும் பெரிய வலையை. கசிவுக்கு வைக்கும் குறுகிய நாடா அந்த உத்தரவில் இல்லை. பிரிட்டனில் 2018 ஜூலையில் நிறுத்திவைத்தது இரண்டையும், அது உண்மை.

சும்மாஒருவன்

என் மனைவிக்காகக் கேட்கிறேன், அவள் எழுதக் கூச்சப்படுகிறாள். வயது 47, சுகர் 6 வருஷம், மூன்று மாத அளவு 6.8. இருமும்போது மட்டும்தான் கசிவு, அவசரம் எல்லாம் கிடையாது. அவளுக்கும் இத்தனை பரிசோதனை வேண்டுமா?

பழையநர்ஸ்

கேட்டதற்கே நன்றி தம்பி. பல வீடுகளில் ஆண்களுக்கு விஷயமே தெரியாது.

இருமும்போது கசிவது கண்ணால் பார்த்து உறுதியாகி, மிச்சமும் இல்லாமல், தொற்றும் இல்லாமல், வேறு சிக்கலும் இல்லாமல் இருந்தால் யூரோடைனமிக்ஸ் என்கிற அந்தக் குழாய் வைத்துப் பார்க்கும் பரிசோதனை இல்லாமலே ஆபரேஷனுக்குப் போகலாம். அமெரிக்காவில் 2012ல் வெளியான ஆய்வில் இப்படிப்பட்ட பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அந்தப் பரிசோதனை செய்தும் மற்றதுக்குச் செய்யாமலும் பார்த்தார்கள், ஒரு வருஷம் கழித்துப் பலனில் வித்தியாசம் இல்லை. ஆனால் நரம்புச் சிக்கல் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. காலில் மரமரப்பு இருக்கிறதா, நிறைந்த உணர்வு வழக்கம்போல வருகிறதா என்று கேளுங்கள். இரண்டிலும் சிக்கல் இல்லை என்றால் இந்தக் கவலையில் பாதி உங்களுக்கு இல்லை. மிச்சம் மட்டும் எப்படியும் பார்த்துவிடுங்கள். அதற்கு முன்னால் மூன்று மாதம் தசைப் பயிற்சி.

தசைப்பயிற்சி

பயிற்சி என்ற சொல்லைப் பார்த்ததும் வந்துவிட்டேன். இடுப்புத்தள தசைக்கான பிசியோதெரபி என் வேலை.

"கீகல் செய்துபார்த்தேன், பலனில்லை" என்று வருகிறவர்களைச் செய்துகாட்டச் சொன்னால் நிறையப் பேர் வயிற்றை இறுக்குகிறார்கள், தொடையைச் சேர்க்கிறார்கள், சிலர் கீழே முக்குகிறார்கள். முக்குவது நேர் எதிர் வேலை, அது கசிவைக் கூட்டும். வாயு பிரியாமல் அடக்குவதுபோலப் பின்னாலிருந்து தொடங்கி, அந்த இறுக்கத்தை முன்னால் கொண்டுவந்து, மேலே இழுக்க வேண்டும். மூச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தது எட்டு தடவை, தினம் மூன்று வேளை, மூன்று மாதம், யாராவது கைவைத்துச் சரிபார்த்த பிறகு. இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்வது தனி வித்தை, அதைப் பழகினாலே சிலருக்குப் போதும்.

சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். முழுதாகக் காலியாகாத பை உள்ளவர்களுக்கு அது கெடுதல்.

எடையும் ஒரு காரணம். சுகர் வரும் நிலையில் இருந்த பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய தடுப்பு ஆய்வில், உணவும் நடையும் மாற்றி எடை குறைத்த பிரிவில் வாராந்தரக் கசிவு 38 சதவீதம் பேருக்கு இருந்தது, மெட்ஃபார்மின் பிரிவில் 48, மருந்தே இல்லாத போலி மாத்திரைப் பிரிவில் 46. பெரிய அதிசயம் இல்லை, கத்தி வைக்காமல் கிடைத்த வித்தியாசம்.

கேள்விக்குறி

பழையநர்ஸ் அக்கா, சரி, இறக்கத்துக்கு வைக்கிற வலை வேறு, நாடா வேறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் அதே பாலிபுரோப்பிலீன்தானே? சுகர் இருப்பவர்களுக்கு வலை வெளியே எட்டிப்பார்ப்பது கூடுதல் என்று படித்தேன். வலையே இல்லாத வழி ஒன்றும் இல்லையா?

பழையநர்ஸ்

அதே பிளாஸ்டிக்தான். பெரிய துணிக்கும் நாடாவுக்கும் அளவில் வித்தியாசம், பெரிய பரப்பில் சிக்கலும் பெரிது. சுகர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் அது வெளியே தெரிவது கூடுதல் என்பதும் உண்மை. அதனால்தான் 8.9ல் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

வலை இல்லாத வழி உண்டு, வலை வருவதற்கு முன்னால் அவைதான் இருந்தன. சுவீடனில் உல்ம்ஸ்டன் நாடாவைப் பிரபலமாக்கியது 1996ல், தொடைப் பக்கமாகக் கொண்டுபோகும் முறை பிரான்சில் 2001ல். அதற்கு முன்னால் அடிவயிற்றைத் திறந்து குழாயின் இரு பக்கத் திசுவை இடுப்பெலும்பின் உள்பக்கத் தசைநாரோடு தைத்துத் தூக்கிவிடுவார்கள், பர்ச் ஆபரேஷன் என்று பெயர், 1961ல் வந்தது. இன்றும் செய்கிறார்கள், லேப்பராஸ்கோப்பிலும் செய்கிறார்கள். இன்னொன்று, உங்கள் அடிவயிற்று உறையிலிருந்தே ஒரு பட்டையை வெட்டி எடுத்து ஊஞ்சலாகப் போடுவது. உங்கள் சொந்தத் திசு, உடம்பு தள்ளாது.

இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2007ல் வந்தது. இரண்டு வருஷம் கழித்து அழுத்தக் கசிவு இல்லாதவர்கள் சொந்தத் திசுப் பட்டையில் 66 சதவீதம், பர்ச்சில் 49. பட்டைதான் ஜெயித்தது என்று அங்கேயே மூடிவைத்துவிடாதீர்கள். சிறுநீர் போவதில் தடங்கல் பட்டையில் 14 சதவீதம் பேருக்கு, பர்ச்சில் 2. பையே சோம்பலாக இருக்கிற சுகர்க்காரருக்கு எனக்குக் கண்ணில் படுவது இந்த இரண்டாவது கணக்கு. தவிர, வயிற்றில் ஒரு காயம் வேறு. எங்கள் வார்டில் சுகர் உள்ளவர்களுக்கு யோனிக்குள் இருக்கிற சின்னக் காயம் ஆறிவிடும், வயிற்றுக் காயம்தான் பத்தாம் நாள் நீர் கோத்துக்கொண்டு நிற்கும்.

நாலாவதாக ஊசி. குழாயின் சுவருக்குள் மூன்று நாலு இடத்தில் ஜெல் செலுத்தி வாயைக் குறுக்குவது. மயக்கமே தேவையில்லை, மரத்துப்போகும் ஊசி போதும். ஸ்லிங் அளவுக்குப் பலன் இல்லை, திரும்பப் போட வேண்டி வரலாம். ஆனால் அடைத்துக்கொண்டு நிற்கும் ஆபத்து குறைவு.

மயக்கமருந்துக்காரன்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மயக்க மருந்து மருத்துவன், அறையில் உங்கள் தலைமாட்டில் நிற்கிறவன். யாரும் இதைச் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன்.

அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் மூன்று மாத அளவு 8க்குக் கீழே வரட்டும் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பரிந்துரை, பிரிட்டனில் 8.5 வரை ஒத்துக்கொள்கிறார்கள். கசிவு ஆபரேஷன் எவ்வளவு தொல்லையாக இருந்தாலும் உயிர் போகிற அவசரம் இல்லை, காத்திருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் பரபரவென்று பத்து நாளில் இறக்கப் பார்க்காதீர்கள், தாழ்சுகரில் போய் நிற்பீர்கள். அன்றைய தினம் 100லிருந்து 180க்குள் இருந்தால் எனக்கு நிம்மதி.

மேலே சொன்ன கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்னால் நிற்க வேண்டும், எர்டுகிளிஃப்ளோசின் என்றால் 4 நாள். சாப்பிடாமல் இருக்கும்போது இந்த மாத்திரை உடம்பில் இருந்தால் கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகும், அந்தச் சமயத்தில் குளுக்கோமீட்டரில் 170, 180 என்று நல்ல பிள்ளையாக நிற்கும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். "சின்ன ஆபரேஷன்தானே" என்று மாத்திரைப் பட்டியலே கொடுக்காமல் வருகிறவர்கள் உண்டு. முதல் நாள் இரவு வாந்தியோடு திரும்பி வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் மயக்க மருந்தால் வரும் வாந்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

வாரம் ஒருமுறை போடும் எடைகுறைப்பு ஊசி போடுகிறவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள். அது இரைப்பையை மெதுவாகக் காலியாக்கும், நீங்கள் பட்டினி இருந்தாலும் உள்ளே சாப்பாடு இருக்கும். காலையில் முதல் கேஸாகப் போடச் சொல்லிக் கேளுங்கள், சுகர் உள்ளவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்றே நினைத்துக் கேளுங்கள்.

மூத்தமகள்

என் அம்மாவுக்கு 71. இருமினால் கசிவதே இல்லை, அவசரம் மட்டும்தான், ராத்திரி ஆறு தடவை எழுந்திருக்கிறார். இரண்டு தடவை இருட்டில் வழுக்கி விழுந்துவிட்டார். ஒரு மாத்திரை கொடுத்தார்கள், வாய் காய்ந்து மலச்சிக்கலும் வந்து நிறுத்திவிட்டோம். இப்போது சிறுநீர்ப்பையில் போட்டாக்ஸ் ஊசி போடலாம் என்கிறார்கள். சுகர் 20 வருஷம். பயமாக இருக்கிறது.

பழையநர்ஸ்

மகளே, ராத்திரி ஆறு தடவை என்றால் முதலில் ராத்திரி எவ்வளவு சிறுநீர் சேர்கிறது என்று அளந்து பாருங்கள். சாயங்காலம் கால் வீங்குகிறதா, ராத்திரி சுகர் எவ்வளவு, இதெல்லாம் கேட்ட பிறகுதான் பையைக் குற்றம் சொல்ல வேண்டும்.

போட்டாக்ஸ் நல்ல மருந்துதான். அமெரிக்காவில் 2013ல் இதற்கென்று அனுமதி கிடைத்தது, அளவு 100 யூனிட், கேமரா வைத்துப் பையின் சுவரில் பல இடங்களில் குத்துவார்கள், ஆறு மாதம் போல நிற்கும், பிறகு திரும்பப் போட வேண்டும். அது பையைத் தளர்த்துகிறது. தளர்ந்தால் சிலருக்குச் சிறுநீர் தேங்கும். அந்த மருந்தோடு வரும் விவரக் குறிப்பிலேயே இருக்கிறது: சுகர் இல்லாதவர்களில் 6.3 சதவீதம் பேருக்குச் சிறுநீர் அடைத்தது, சுகர் உள்ளவர்களில் 12.3. இரண்டு மடங்கு. அப்படி அடைத்தால் கொஞ்ச நாளைக்கு மெல்லிய குழாயை நாமே உள்ளே விட்டு எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். 71 வயதில், கை நடுக்கம் இருந்தால், கண் மங்கல் இருந்தால் அம்மாவால் முடியுமா? நீங்கள் கூட இருக்கிறீர்களா? ஊசி போடுவதற்கு முன்னால் அதைச் செய்துபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் வேறு வழி பார்க்கலாம்.

ஊசிநூல்

அந்த வேறு வழி என்னிடம் இருக்கிறது, இடுப்புக்குப் பின்னால் தோலுக்கு அடியில். டைப் 1 சுகர், 32 வருஷமாக இன்சுலின். முதுகெலும்பின் அடியில் இருக்கிற திரிக எலும்பில் உள்ள நரம்புப் பக்கத்தில் ஒரு ஒயர், அதோடு தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு கருவி, நரம்பை மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கிறது. 1997லிருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்ற முறை, புதுசு இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது, முதலில் ஒயரை மட்டும் வைத்து வெளியே ஒரு பெட்டியோடு இரண்டு வாரம் போல வாழ்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். டைரியில் பாதிக்கு மேல் குறைந்தால்தான் நிரந்தரக் கருவி. எனக்கு ஒரு நாளைக்கு 16 தடவை இருந்தது 8 ஆனது. பை அடைப்பது இல்லை, தேங்குகிறவர்களுக்கும் இதையே வைக்கிறார்கள்.

பிடிக்காததும் சொல்கிறேன். முதல் கருவி ஐந்தாவது மாதம் சீழ் பிடித்து எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது என் மூன்று மாத அளவு 9.4, அதை யாரும் பொருட்படுத்தவில்லை, நானும்தான். ஒரு வருஷம் கழித்து 7.5க்கு வந்த பிறகு வைத்தது இன்றுவரை இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் மாற்ற வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால் கருவி எந்த வகை என்று கேட்டுத்தான் எடுப்பார்கள்.

மூத்தமகள்

நன்றி. அம்மாவுக்குக் குழாய் விடும் பேச்சை எடுத்தேன், "அதெல்லாம் என்னால் ஆகாது" என்று எழுந்து போய்விட்டார். அளவு பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறார், அதுவரைக்கும் சந்தோஷம்.

நடுப்பக்கம்

மூன்று வாரம் ஆகிவிட்டது, டைரியோடு வருகிறேன். தேதியைத் தள்ளிப்போட்டேன்.

பழையநர்ஸ் அக்கா, 500 மில்லி குவளை வாங்கினேன். முதல் நாள் காலையில் எழுந்து அதில் போனேன், நிரம்பியது, நிறுத்த முடியவில்லை, கையில், தரையில், எல்லாம். உட்கார்ந்து அழுதேன். அப்புறம் பெரியது வாங்கி அளந்தால் காலையில் 780. எனக்கு முட்டவே இல்லை, பழக்கத்தில் போனேன், அவ்வளவுதான். பகலில் நாலு மணி நேரம் போகாமல் இருந்தால்கூட ஒன்றும் தெரியாது, திடீரென்று தெரியும்போது சாவி பூட்டில் இருக்கும். மாத்திரைப் பட்டியலில் டாபாகிளிஃப்ளோசின் இருக்கிறது, எட்டு மாதமாக. அவசரம் எப்போது கூடியது என்று நினைத்துப் பார்த்தால் கணக்கு ஒத்துப்போகிறது.

வேறொரு டாக்டரிடம் போனேன். டைரியைக் கொடுத்ததும் முதல் தடவையாக ஒருவர் ஐந்து நிமிஷம் பேசாமல் படித்தார். அப்புறம் அடியில் கிண்ணம் வைத்த நாற்காலியில் தனியாக உட்காரவைத்துப் போகச் சொன்னார்கள், கருவி தாளில் கோடு போட்டது. ஒரு மலை மாதிரி வர வேண்டுமாம், எனக்குச் சின்னச் சின்ன மேடாக விட்டுவிட்டு வந்தது. மிச்சம் 210. ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை, 190. யூரோடைனமிக்ஸும் செய்தார்கள், வலி இல்லை, மானம்தான் போகிறது. பை பெரிது, உணர்வு மந்தம், பிழிகிற சக்தி குறைவு, இருமினால் கசிவது உண்மை. "இப்போது ஸ்லிங் வைத்திருந்தால் உங்களைக் குழாயோடு அனுப்பியிருப்பேன்" என்றார்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முட்டினாலும் முட்டாவிட்டாலும் போக வேண்டும். போய்விட்டு எழுந்து நின்று, ஒரு நிமிஷம் கழித்து உட்கார்ந்து திரும்பப் போக வேண்டும். யோனியில் வைக்க ஈஸ்ட்ரோஜன் கிரீம். சுகர் டாக்டரோடு அவரே பேசி டாபாகிளிஃப்ளோசினை மாற்றினார், எனக்கு இதயச் சிக்கல் எதுவும் இல்லாததால் மாற்ற முடிந்தது.

தசைப்பயிற்சி

இரண்டாவது தடவை உட்காரும்போது முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். முக்க வேண்டாம். பாத்ரூமில் அந்தரத்தில் அரைகுறையாகக் குந்தி நிற்பவர்கள் நிறையப் பேர், அப்படி நின்றால் தசை தளராது, பை காலியாகாது. முழுசாக உட்காருங்கள்.

வேப்பமரம்

பழையநர்ஸ் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். என் பழைய தாள்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். மிச்சம் பார்த்த மாதிரி ஒரு வரிகூட இல்லை. போன வாரம் நானே கேட்டுப் பார்த்துக்கொண்டேன், 60. பரவாயில்லை என்றார்கள். ஆறு வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

நடுப்பக்கம்

ஐந்து மாதம் கழித்து. யாராவது இன்னும் படிக்கிறீர்களா தெரியவில்லை.

மூன்று மாத அளவு 7.3. மிச்சம் 80. சாவி விஷயம் மாதத்தில் ஒன்றிரண்டு தடவை, அதுவும் நேரம் தவறினால்தான். ஆபரேஷனே இல்லாமல் இவ்வளவு தூரம் வரும் என்று நான் நினைக்கவில்லை. இருமல் கசிவும் பாதியாகிவிட்டது, ஆனால் மிச்சப் பாதி போகவில்லை, பயிற்சியை ஒழுங்காகச் செய்துதான் சொல்கிறேன்.

ஸ்லிங்கா ஊசியா என்று டாக்டர் என்னையே கேட்டார். ஸ்லிங்கில் கசிவு நிற்க வாய்ப்பு கூடுதல், அடைக்கவும் வாய்ப்பு கூடுதல், ஊசியில் இரண்டும் குறைவு என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். குழாய் விட்டு எடுக்கவும் ஒரு தடவை பழகிப் பார்த்தேன், கண்ணாடி வைத்துக்கொண்டு, முடிந்தது, ஆனால் தினம் அதோடு வாழ எனக்கு இஷ்டமில்லை. ஊசியைத் தேர்ந்தெடுத்தேன். போட்டு ஏழு வாரம். அன்றைக்குக் காலையில் சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொட்டார்கள். முதல் இரண்டு நாள் எரிச்சல், ஒரு தடவை லேசாக ரத்தம். இப்போது வீட்டில் பேட் இல்லை, வெளியே போனால் மெல்லியது ஒன்று. நன்றாகச் சளி பிடித்து இருமினால் கசிகிறது. ஒரு வருஷத்தில் இன்னொரு தடவை போட வேண்டி வரலாம் என்றிருக்கிறார். எனக்கு இது போதும். வேறு ஒருவருக்குப் போதாமல் இருக்கலாம், பை நன்றாக வேலை செய்கிறவராக இருந்தால் நானே ஸ்லிங் என்றுதான் சொல்வேன்.

சும்மாஒருவன்

என் மனைவி அதைத்தான் செய்துகொண்டாள், நாடா. பயிற்சி மூன்று மாதம் பார்த்தோம், போதவில்லை. மிச்சம் 20. அன்று சாயங்காலமே தானாகச் சிறுநீர் போனது, மறுநாள் வீடு. ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்றார்கள், வாளியெல்லாம் என் பொறுப்பு. இந்தப் பதிவை அவளே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

கேள்விக்குறி

எல்லோருக்கும் வாழ்த்து. நடுப்பக்கம் அக்கா, ஒரு சின்ன சந்தேகம். அந்த டைரிக்கு எந்த அளவுக் குவளை வாங்க வேண்டும்? எனக்குத்தான்.

நடுப்பக்கம்

1000 மில்லி வாங்கு. கைப்பிடி உள்ளதாகப் பார்.